சம்பா 55ஆம் நாள், தூரடியில் குஞ்சுகள்: புகையானா, நல்ல பூச்சியா? எந்த நிலைக்கு எந்த மருந்து?

#1 கடைமடையான்

வணக்கம். பிபிடி 5204 நெல், நட்டு 55 நாள். தண்ணி மட்டத்துக்கு மேலே தூரை ஒட்டிக் குஞ்சுகள் இருக்கு. தூரில் சாறு உறிஞ்சும் புகையானோன்னு சந்தேகம். மூணு விதமா தெரியுது: சாம்பல் வெள்ளையில் பொடிசு, பழுப்பில் கொஞ்சம் பெருசு, வெளிர்பச்சையில் வேகமா ஓடுறது. 20 குத்து தட்டிப் பார்த்ததில் மூணும் சேர்த்து குத்துக்குச் சராசரி 18. குத்துக்கு 12 தூர் (கிளைத்தண்டு). சிலந்தி ரெண்டு குத்துக்கு ஒண்ணு.

மழை விட்டு மூடுபனி இறங்குது. வயலில் நாலு விரக்கடை தண்ணி, வடிகால் நிரம்பி நிக்கிறதால வடிக்க வழியில்லை. கடையில் பைரித்ராய்டு சேர்ந்த கூட்டு மருந்து தர்றாங்க. அடிக்கலாமா?

#2 நுண்ணோக்கி

மருந்து இருக்கட்டும் அண்ணே, முதலில் அந்த 18ஐப் பிரிங்க. மூணையும் ஒரே கணக்கில் போட்டால் நண்பனையும் எதிரியாக எண்ணுகிறீர்கள்.

ஒரு வெள்ளைத் தட்டு, 10 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் போதும். தட்டைத் தூரடியில் சாய்த்துப் பிடித்து உள்ளங்கையால் குத்தை நாலைந்து முறை தட்டுங்க. விழுந்ததை இப்படிப் பாருங்க.

வெளிர்பச்சையில் வேகமா ஓடுவது பெரும்பாலும் மிரிட் நாவாய்ப்பூச்சியின் குஞ்சு. உணர்கொம்பு நீளம், உடல் ஒல்லி, தூரில் மேலும் கீழும் ஓடிக்கொண்டே இருக்கும். இது இலையுறைக்குள் இருக்கும் புகையான் முட்டையைத் தேடிக் குத்தி உறிஞ்சும், பொடிக் குஞ்சையும் பிடிக்கும். புகையான் குஞ்சு அப்படி ஓடாது. விரலைக் கிட்டே கொண்டுபோனால் தூரைச் சுற்றிப் பக்கவாட்டில் நகர்ந்து மறுபுறம் ஒளியும், இன்னும் நெருங்கினால் துள்ளும்.

பச்சைத் தத்துப்பூச்சியின் குஞ்சும் பச்சைதான். ஆனால் அது இலைப்பக்கம் மேலே இருக்கும். சந்தேகம் வந்தால் பின்னங்காலைப் பாருங்க. தத்துப்பூச்சிக்குக் கணைக்கால் நெடுக வரிசையாக முள். புகையான் இனத்துக்குக் கணைக்கால் நுனியில் அசையக்கூடிய ஒரே பெரிய முள், தட்டையாக இலை மாதிரி. மூன்றாம் நிலைக் குஞ்சிலிருந்து கைலென்ஸிலேயே தெரியும். இதைவிட நம்பகமான அடையாளம் வயலில் கிடையாது. நிறத்தை மட்டும் நம்பாதீங்க. இப்போதுதான் தோலுரித்த புகையான் குஞ்சு வெள்ளையாக இருந்து போகப் போகத்தான் பழுப்பாகும்.

சாம்பல் வெள்ளை பொடிசில் ரெண்டு வாய்ப்பு. ஒன்று, புகையானின் முதல் நிலை. இன்னொன்று வெண்முதுகுத் தத்துப்பூச்சியின் குஞ்சு: வெள்ளை உடம்பில் முதுகின் மேல் சாம்பல் நிறத் திட்டுகள், தலை ஒடுங்கியிருக்கும். பெருசானாலும் அந்த வெள்ளையும் சாம்பலும் மாறாது. புகையான் பெருசாக ஆக முழுப்பழுப்பாகும்.

தட்டில் விழுந்ததில் வயிற்றோரம் கருப்பாகப் பை போல ஒன்று புடைத்திருக்கிற குஞ்சு இருந்தால் அதைத் தனியாக எண்ணுங்க. அதற்குள் டிரைனிட் குளவியின் புழு வளர்கிறது. அந்தக் குஞ்சு எப்படியும் பிழைக்காது.

#3 பச்சைப்பட்டி

மிரிட்டைப் புகையான் என்று எண்ணி மருந்தடிப்பதுதான் டெல்டாவில் நடக்கும் பெரிய கூத்து. கணக்கு சொல்லும்போது ரெண்டு எண் சொல்லுங்க: தூருக்கு எத்தனை புகையான், குத்துக்கு எத்தனை சிலந்தி. வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை இதுதான்: சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு 1 பூச்சி, குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு 2 வரை பொறுக்கலாம்.

#4 மருந்துக்கடை

இவ்வளவு பார்த்துக்கிட்டு இருந்தா ரெண்டாம் வாரம் வட்டம் வட்டமா கருகிடும். கூட்டு மருந்துன்னா ரெண்டு வேலை ஒரே அடியில முடியும்: பைரித்ராய்டு உடனே கொட்டும், இன்னொண்ணு பின்னாடி வேலை செய்யும். அடிச்ச மறுநாள் தண்ணி மேல செத்து மிதக்குறதை விவசாயி கண்ணால பாக்குறார்.

#5 நுண்ணோக்கி

மிதப்பதில் பாதி சிலந்தியும் மிரிட்டும் மைக்ரோவீலியாவும் என்பதை லென்ஸ் வைத்துப் பார்த்தால் தெரியும். மைக்ரோவீலியா என்பது தண்ணி மேல் ஓடும் பொடி நீர்ப்பூச்சி. தூரிலிருந்து தவறி விழும் முதல் நிலைக் குஞ்சுகளைக் கூட்டமாகச் சூழ்ந்து தின்னும். பைரித்ராய்டு அடித்த வயலில் அந்தத் தண்ணிக்காவல் முதலில் போய்விடும்.

அடுத்தது முட்டை. பெண் பூச்சி இலையுறையைக் கீறி உள்ளே வரிசையாகச் செருகி வைக்கிறது. வெளியே அடிக்கும் எந்தத் தொடுநஞ்சும் அங்கே போகாது. 7 முதல் 9 நாளில் அது பொரியும். பொரிந்து வரும்போது தின்ன ஆளில்லை. "மருந்தடிச்சேன், பத்து நாள்ல ரெட்டிப்பா வந்துடுச்சு" என்ற புலம்பலின் காரணம் இது. அதோடு டெல்டாமெத்ரின் போன்ற பைரித்ராய்டுகள், மீத்தைல் பாரத்தியான், குயினால்பாஸ் முதலியவை குறைந்த அளவில் பட்டுப் பிழைத்த பெண் பூச்சியை அதிகம் முட்டையிடவே தூண்டுகின்றன. மறுபெருக்கம் என்று 1970களின் கடைசியிலிருந்தே சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் சோதித்து நிறுவிய விஷயம். இந்தோனேசியா 1986இல் நெல்லுக்கு 57 பூச்சிமருந்துகளை ஒரே உத்தரவில் தடை செய்ததற்கு முதல் காரணமே புகையான்.

#6 மருந்துக்கடை

சரி, பைரித்ராய்டு வேணாம். இமிடாகுளோப்ரிட் கொடுக்கலாமா?

#7 பச்சைப்பட்டி

2005 வாக்கில் ஆசியா முழுக்கப் புகையான் அதற்குப் பழகிவிட்டது. சிஒய்பி6இஆர்1 என்ற நொதியை உடம்பில் கூடுதலாகச் சுரந்து மருந்தை உடைத்துவிடுகிறது. காசு தண்டம்.

#8 இலையுறை

தலைப்பிலேயே கேட்ட கேள்விக்கு வருவோம். குஞ்சு எந்த நிலை என்பதுதான் மருந்தையும் நாளையும் முடிவு செய்யும். புகையானுக்குக் கூட்டுப்புழுப் பருவம் கிடையாது. முட்டையிலிருந்து வரும் குஞ்சு ஐந்து முறை தோலுரித்துப் பூச்சியாகிறது. 28-30 டிகிரி வெப்பத்தில் ஒரு நிலைக்கு ரெண்டரை முதல் மூணு நாள், மொத்தம் 13-15 நாள்.

நிலை பார்க்க, நீளத்தைவிட இறக்கை மொட்டு நம்பிக்கையானது.

1ஆம் நிலை: சுமார் 1 மி.மீ., வெளிர் நிறம், மொட்டு இல்லை.
2ஆம் நிலை: ஒன்றரை மி.மீ., இளம்பழுப்பு, நெஞ்சின் ஓரம் லேசாகத் துருத்தும்.
3ஆம் நிலை: 2 மி.மீ., மொட்டு தெளிவாகத் தெரியும்.
4ஆம் நிலை: முன், பின் மொட்டுகளின் நுனி ஏறக்குறைய ஒரே மட்டத்தில்.
5ஆம் நிலை: 3 மி.மீ. சுற்று, முன்மொட்டின் நுனி பின்மொட்டைத் தாண்டியிருக்கும்.

4க்கும் 5க்கும் உள்ள வித்தியாசத்தில்தான் பலரும் தடுமாறுவார்கள். பூச்சியைப் பக்கவாட்டில் திருப்பிப் பாருங்க, நுனி ரெண்டும் தனித்தனியாகத் தெரியும்.

இப்போது மருந்து. ப்யூப்ரோஃபெசின் நரம்பைத் தாக்காது, பூச்சித் தோலுக்கு வேண்டிய கைட்டின் உண்டாவதைத் தடுக்கிறது. குஞ்சு அடுத்த தோலுரிப்பில் பழைய தோலுக்குள்ளேயே சிக்கிச் சாகும். அதனால் அடித்த மறுநாள் எண்ணினால் ஒன்றும் குறைந்திருக்காது. "மருந்து டூப்ளிகேட்" என்று சண்டைக்குப் போவது அப்போதுதான். மூணாம் நாளிலிருந்து குறையத் தொடங்கும், ஏழாம் நாள் எண்ணுவதுதான் சரியான கணக்கு. வளர்ந்த பூச்சியைக் கொல்லாது. ஆனால் மருந்து பட்ட பெண் இடும் முட்டை பொரிப்பது குறையும். ஆகவே 1 முதல் 3ஆம் நிலை வரை பெரும்பான்மையாக இருக்கும்போது அடித்தால் முழுப்பலன். ஐந்தாம் நிலையும் பூச்சியுமாக இருக்கும் வயலில் இதை மட்டும் அடிப்பது வீண். சிலந்திக்கும் மிரிட்டுக்கும் பெரிய சேதமில்லை என்பது இதன் பெரிய பலம்.

பெரிய குஞ்சும் பூச்சியும் கலந்திருந்தால் பைமெட்ரோசின். அது உறிஞ்சுவதை நிறுத்துகிறது. பூச்சி உட்கார்ந்தேதான் இருக்கும், பட்டினியில் ரெண்டு மூணு நாள் கழித்துச் சாகும். ட்ரைஃப்ளூமெஸோபைரிம் இன்னொரு வழி. டைனோடெஃப்யூரான் வேகமாக வேலை செய்யும், ஆனால் இமிடாகுளோப்ரிட்டின் குடும்பம்.

#9 கடைமடையான்

அளவு சொல்லுங்க ஐயா. டேங்க் கணக்கில் சொன்னா நல்லது.

#10 இலையுறை

ஏக்கருக்கு:

ப்யூப்ரோஃபெசின் 25 எஸ்சி – 320 மில்லி
பைமெட்ரோசின் 50 டபிள்யூஜி – 120 கிராம்
ட்ரைஃப்ளூமெஸோபைரிம் 10 எஸ்சி – 94 மில்லி
ஃப்ளோனிகாமிட் 50 டபிள்யூஜி (இதுவும் உறிஞ்சுவதை நிறுத்துவது) – 60 கிராம்

தண்ணீர் 200 லிட்டர். 16 லிட்டர் பேட்டரி டேங்க் என்றால் பன்னிரண்டரை டேங்க். ப்யூப்ரோஃபெசின் டேங்குக்கு 25-26 மில்லி, பைமெட்ரோசின் சுமார் 10 கிராம். பெரும்பாலான தோல்வி மருந்தில் இல்லை, தண்ணியில் இருக்கு. ஏக்கருக்கு ஆறேழு டேங்கோடு முடித்துவிட்டு "கேட்கலை" என்பார்கள். பயிர் மூடிய வயலில் அந்தத் தண்ணி இலையோடு நின்றுவிடும், தூரடிக்கு ஒரு சொட்டுகூட இறங்காது. டப்பாவின் லேபிளில் உள்ள அளவையும் ஒருமுறை சரிபாருங்க. ஒரே குடும்ப மருந்தை அடுத்தடுத்து அடிக்காதீங்க.

#11 ட்ரோன்காரர்

ட்ரோனில் ஏக்கருக்கு 10 லிட்டரில் எட்டு நிமிஷத்தில் முடிக்கிறோம். சேற்றில் இறங்க ஆள் கிடைக்காத இடத்தில் வேறென்ன வழி?

#12 நுண்ணோக்கி

இலைச்சுருட்டுப் புழுவுக்குச் சரி. புகையானுக்கு, நட்டு 30 நாளுக்குள் பயிர் திறந்திருக்கும்போதும் ஓரளவு சரி. 55ஆம் நாள் பிபிடி மூடிய வயலில் 10 லிட்டர் தண்ணி மேலிலையைத் தாண்டாது. இந்த மருந்துகள் இலையிலிருந்து கீழ்நோக்கித் தூருக்குப் போதுமான அளவு இறங்கும் என்று நம்பி அடிப்பது சூதாட்டம். கைவிசை அல்லது பேட்டரித் தெளிப்பான், சுழல்கூம்பு நாசில், குழாயைப் பயிருக்குள் இறக்கித் தூரை நோக்கி. வேறு குறுக்குவழி இல்லை.

நடும்போதே எட்டடிக்கு ஒரு அடி பட்டம் (நடைவழி) விட்டிருந்தால் இந்தப் பாடு இல்லை. ஆள் நடக்கலாம், காற்றும் வெயிலும் தூரடிக்குப் போகும். இப்போது பட்டம் இல்லாவிட்டால் நீளக் கழியால் எட்டடிக்கு ஒருதரம் பயிரை இருபக்கமும் சாய்த்துப் பிரித்துவிட்டு அந்த வழியே அடியுங்க.

#13 கடைமடையான்

பட்டம் விடலை. கழியால் பிரிச்சுக்கலாம். தண்ணிதான் பிரச்சனை. வடிச்சிட்டு அடிக்கணும்னு எல்லாரும் சொல்றாங்க.

#14 பச்சைப்பட்டி

வடிக்கச் சொல்வதற்கு ரெண்டு காரணம். தண்ணி வற்றினால் குஞ்சுகள் இருக்கும் அடித்தூர் வெளியே தெரியும், மருந்து படும். தண்ணி நின்றால் வழியும் மருந்து நீரில் கரைந்து வீணாகும். வடிக்க முடியாத கடைமடையில் ஒரு சின்ன அனுகூலம்: தண்ணி ஏறினால் குஞ்சுகளும் ஏறும், தண்ணி மட்டத்துக்கு மேல் ஒரு சாண் அகலப் பட்டையில் எல்லாம் கூடியிருக்கும். நாசிலை அந்தப் பட்டைக்கு நேராகப் பிடித்தால் போதும். வாய்க்கால் வடிந்ததும் காய்ச்சலும் பாய்ச்சலுமாக மாற்றுங்க. தூரடி ஈரக்கசிவு குறைந்தாலே பொடிக் குஞ்சு பிழைப்பது குறையும்.

யூரியா போட்டு எத்தனை நாள் ஆச்சு?

#15 கடைமடையான்

பத்து நாள் முன்னாடி ஏக்கருக்கு ஒரு மூட்டை. இன்னொண்ணு இந்த வாரம் போடலாம்னு இருந்தேன்.

#16 பச்சைப்பட்டி

நிறுத்துங்க. ஒரே தடவையில் மூட்டையாகக் கொட்டிய தழைச்சத்து சாற்றில் அமினோ அமிலமாக ஏறும். அந்தச் சாற்றைக் குடித்த குஞ்சு சீக்கிரம் வளரும், பெண் அதிகம் முட்டையிடும். இலை வண்ண அட்டை வைத்துப் பார்த்து, தேவை என்றால் மட்டும், பாதியாகப் பிரித்து, பூச்சி குறைந்த பிறகு.

#17 வேப்பங்கொட்டை

இயற்கை வழி யாரும் சொல்லவில்லையே. வேப்பங்கொட்டைச் சாறு 5 சதம், அதாவது 200 லிட்டருக்கு 10 கிலோ பருப்பு இடித்து இரவு ஊறவைத்து வடிகட்டி, காதி சோப்புக் கரைசல் கலந்து. வேப்பெண்ணெய் என்றால் 3 சதம். குஞ்சின் தோலுரிப்பை வேம்பிலுள்ள அசாடிராக்டின் குலைக்கும்.

#18 இலையுறை

உண்மைதான், குஞ்சுகளுக்கு. ஆனால் மருந்தளவு எண்ணிக்கை வந்தபின் மட்டும் அடித்துப் பயனில்லை. தூருக்கு அரைப் பூச்சி என்று இருக்கும்போதே மாலையில் அடிக்க வேண்டும். வெயிலில் அசாடிராக்டின் சீக்கிரம் சிதையும். சோப்புக் கலக்காவிட்டால் இலையில் ஒட்டாது.

#19 பூச்சியியல்_முதுகலை

இடையில் ஒரு கேள்வி, மன்னிக்கவும். எந்த நெல் ரகம் புகையானைத் தாங்கும் என்ற சோதனைக்கு ஒரே வயதுக் குஞ்சுகள் வேண்டும். கூண்டில் வளர்த்தால் எல்லா நிலையும் கலந்தே கிடைக்கிறது. சோதனைத் தட்டில் டிஎன்1 (எதிர்ப்பில்லாத ஒப்பீட்டு ரகம்) ஒரு ஓரம் சாகிறது, மறு ஓரம் பச்சையாக நிற்கிறது.

#20 நுண்ணோக்கி

தனி இழை போட்டிருக்கலாம் தம்பி, ஆனால் பயனுள்ள கேள்வி.

30-40 நாள் டிஎன்1 செடியைத் தொட்டியில் வைத்து, வெளியுறையைக் கழித்துச் சுத்தம் செய்து கூண்டில் இறக்குங்க. முட்டை நிறைந்த, வயிறு பருத்த குட்டை இறக்கைப் பெண்களை விட்டு 24 மணி நேரத்தில் எடுத்துவிட வேண்டும். எடுக்காமல் விடுவதால்தான் வயது கலக்கிறது. 8-9ஆம் நாள் ஒருசேரப் பொரியும். பொரிந்த 5-6ஆம் நாள் ரெண்டாம், மூணாம் நிலை. சோதனைக்கு அதுதான் வயது. முதல் நிலைக் குஞ்சை மாற்ற முயன்றால் பாதிக்கு மேல் கையிலேயே சாகும்.

தட்டில் 7 நாள் நாற்று, நாற்றுக்கு 8-10 குஞ்சு. தூரிகையால் ஒவ்வொன்றாக எடுப்பது வேலைக்காகாது. குஞ்சு நிறைந்த செடியைத் தட்டின் மேல் சாய்த்து மெதுவாகத் தட்டிக்கொண்டே நகர்த்துங்க. ஒரு ஓரம் மட்டும் சாவதற்கு முக்கியக் காரணம் வெளிச்சம். குஞ்சுகள் வெளிச்சப் பக்கம் கூடும். தட்டைத் தினம் திருப்பி வைக்கணும், முதல் மூணு நாள் ரெண்டு வேளையும். டிஎன்1 நாற்று 90 சதம் செத்ததும் 0 முதல் 9 வரை மதிப்பெண் போட வேண்டும் (9 என்றால் செத்தது). ஒரு நாள் தாமதித்தாலும் நடுத்தர எதிர்ப்பு ரகம் எல்லாம் 9க்குப் போய்விடும். எதிர்ப்புச் சான்றுக்கு பிடிபி 33 ரகத்தின் வரிசை கட்டாயம். அதுவும் செத்தால் குஞ்சு அளவுக்கு மீறி விட்டிருக்கிறீர்கள்.

இன்னொன்று: வளர்ப்புக் கூண்டில் குஞ்சு திடீரெனக் குறைந்தால் நோய் என்று எண்ணாதீங்க. வயலிலிருந்து கொண்டுவந்த செடியோடு மிரிட் உள்ளே புகுந்திருக்கும். முட்டை முழுவதையும் காலி செய்துவிடும். வயலில் நண்பன், கூண்டில் திருடன்.

#21 பூச்சியியல்_முதுகலை

நன்றி சார். பிடிபி 33 இவ்வளவு காலம் தாங்குவது எப்படி? ஐஆர் 26 ரகத்தின் எதிர்ப்பு சீக்கிரம் விழுந்ததாகப் படித்தேன்.

#22 இலையுறை

ஐஆர் 26 (1973) ஒற்றை மரபணு பிபிஎச்1ஐ நம்பியது. ரெண்டு மூணு வருடத்தில் அதை வெல்லும் புகையான் பெருகியது. பிபிஎச்2 மரபணுவுக்குச் சான்றாக உலகம் முழுக்க ஆய்வகங்களில் வைத்திருக்கும் ரகம் நம் அம்பாசமுத்திரத்தின் ஏஎஸ்டி 7. இலங்கையின் ரத்து ஹீனட்டியில் பிபிஎச்3. 2015இல் அதைப் பிரித்தெடுத்தபோது அது ஒரே மரபணு அல்ல, லெக்டின் ஏற்பிக் கைனேஸ் என்ற வகை மரபணு மூன்று சேர்ந்த கொத்து என்று தெரிந்தது. கேரளத்துப் பட்டாம்பியின் பிடிபி 33இலும் ஒன்றுக்கு மேற்பட்டவை சேர்ந்தே வேலை செய்கின்றன. ஒன்றைத் தாண்டினாலும் இன்னொன்று தடுக்கும்.

குஞ்சு நீள இறக்கையா குட்டை இறக்கையா என்று திரும்புவதும் குஞ்சுப் பருவத்திலேயே தீர்மானமாகிறது. நெரிசலும் செடியின் சாறு குறைவதும் நீள இறக்கைப் பக்கம் தள்ளும். சீனாவில் 2015இல் இதற்கு ரெண்டு இன்சுலின் ஏற்பிகள் எதிரெதிராக வேலை செய்வதைக் கண்டார்கள். வயலில் பார்ப்பவருக்கு இதன் பொருள்: குட்டை இறக்கைப் பெண் நிறையத் தெரிந்தால் கூட்டம் இங்கேயே தங்கிப் பெருகப் போகிறது.

#23 வேப்பங்கொட்டை

தலைப்புக்கு வெளியே ஒன்று. ஐரோப்பாவின் இஸ்ஸஸ் என்ற தத்து இனத்தின் குஞ்சுக்குப் பின்னங்கால் தொடை அடியில் நிஜமான பல்சக்கரம் உண்டு. ரெண்டு காலும் ஒரே நொடியில் உதைக்க. 2013இல் கேம்பிரிட்ஜில் கண்டார்கள். பூச்சியானதும் அந்தப் பல் மறைந்துவிடும். குஞ்சில் பல் உடைந்தால் அடுத்த தோலுரிப்பில் புதிது முளைக்கும், பூச்சிக்கு அந்த வசதி இல்லை என்பது ஒரு விளக்கம்.

#24 மருந்துக்கடை

துங்ரோ வைரஸ் நோயும் இந்தக் குஞ்சு பரப்புமா? பக்கத்து ஊர்ல மஞ்சள் ஆரஞ்சா இருக்கு.

#25 நுண்ணோக்கி

துங்ரோ பச்சைத் தத்துப்பூச்சியின் வேலை, புகையான் இல்லை. அதன் குஞ்சும் பரப்பும், ஆனால் தோலுரித்தால் ஒட்டியிருந்த வைரஸும் தோலோடு போய்விடும். மறுபடி நோய்ச்செடியில் உறிஞ்சினால்தான் பரப்ப முடியும். புகையான் பரப்புவது புல்தழைக் குட்டை நோயும் கந்தல் குட்டை நோயும். அவை உடம்புக்குள்ளே பெருகும் வைரஸ்கள், தோலுரித்தாலும் போகாது.

#26 கடைமடையான்

லென்ஸ் வச்சு மறுபடி 20 குத்து பார்த்தாச்சு. குத்துக்குச் சராசரி: புகையான் குஞ்சு 11, குட்டை இறக்கைப் பெண் 1, பச்சை மிரிட் 6. குஞ்சுல முக்கால்வாசிக்கு இறக்கை மொட்டு இல்லை, இல்லேன்னா லேசாத் துருத்துது. சிலந்தி அதே அரை. அப்போ தூருக்கு சரியா 1.

#27 பச்சைப்பட்டி

எல்லைக்கோட்டில் இருக்கு. மிரிட்டும் நல்ல எண்ணிக்கை. நான் மூணு நாள் பொறுத்து மறுபடி எண்ணுவேன்.

#28 இலையுறை

இங்கே மாறுபடுகிறேன். சிலந்தி அரைதான், மூடுபனி, வடியாத தண்ணி, பத்து நாள் முன் யூரியா. நாலும் புகையான் பக்கம். கணக்கைப் போடுங்க: இந்தக் குஞ்சுகள் 67ஆம் நாள் வாக்கில் பூச்சியாகும், மூணு நாலு நாளில் முட்டையிடத் தொடங்கும், 78க்குமேல் அடுத்த குஞ்சுக் கூட்டம். பிபிடி பூட்டை விட்டுப் பூக்கும் நேரத்தில் சரியாக அது உறிஞ்சும். வட்டக் கருகல் அப்போதுதான் விழும்.

முக்கால்வாசி 1, 2ஆம் நிலை என்பதால் ப்யூப்ரோஃபெசினுக்கு இதைவிட நல்ல நாள் கிடைக்காது. மூணு நாள் பொறுத்தால் இவை 2, 3க்குப் போகும், இன்னும் தள்ளினால் பைமெட்ரோசின் விலைக்குப் போகணும். மிரிட்டுக்கும் சேதமில்லை என்பதால் இப்போது அடிப்பதில் இழப்பு குறைவு.

#29 பச்சைப்பட்டி

மருந்து மிரிட்டை விட்டுவைக்கும் என்பதால் ஒத்துக்கிறேன். வேறு மருந்தாக இருந்தால் பொறுக்கத்தான் சொல்வேன். வயல் முழுக்க வேண்டாம். எண்ணிக்கை கூடின பகுதியும் சுற்றி ஐந்தாறு அடியும் மட்டும்.

#30 கடைமடையான்

வடக்குப் பக்கம் ஒன்றரை மா-வில் (சுமார் அரை ஏக்கர்)தான் அதிகம். நாளைக்குப் பனி விலகினதும் கழியால் பிரிச்சு அடிக்கிறேன். எப்போ மறுபடி எண்ணணும்? ரெண்டாம் தடவை அடிக்கணுமா?

#31 இலையுறை

இலை காய்ந்தபின், பத்து மணிக்குமேல் அடியுங்க. ஏழாம் நாள் அதே இடத்தில் எண்ணுங்க. தூரில் வெள்ளைத் தோல் ஒட்டியிருப்பதை உயிருள்ள குஞ்சு என்று எண்ணிவிடாதீங்க, ஊதினால் பறந்துவிடும். பத்தாம் நாள் இன்னொருமுறை, இலையுறைக்குள் இருந்த முட்டை பொரிந்து வந்ததைப் பார்க்க. அப்போதும் தூருக்கு 1ஐத் தாண்டினால் ரெண்டாவது அடி, ஆனால் ப்யூப்ரோஃபெசின் இல்லை, வேறு குடும்பம். தாண்டாவிட்டால் தண்ணியை மட்டும் பார்த்துக்குங்க.